இலக்கணப்போலி: பிழையான சொல்லா?

கேள்வி: 'முன்றில்' என்ற சொல்லை என் மகளின் பாடநூல் 'இலக்கணப்போலி' என்கிறது. போலி என்றால் பிழையான சொல்லா?

பதில்: இல்லவே இல்லை. கள்ளநோட்டைச் சொல்லும் 'போலி' அல்ல இது. 'போல்' என்ற வேரிலிருந்து வந்து, 'போன்றது' என்று பொருள்படும். இலக்கணமுடைய சொல்லைப் போலவே சான்றோர் ஏற்று வழங்குவது இலக்கணப்போலி. இல்லத்தின் முன்பக்கம் 'இல்முன்' என்றுதான் வரவேண்டும். சொற்கள் இடம் மாறி, நடுவே றகரமும் தோன்றி, 'முன்றில்' ஆயிற்று. கண்ணின் கடை 'கடைக்கண்' ஆனதும், நகரின் புறம் 'புறநகர்' ஆனதும் இவ்வாறே. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாகப் பகுக்கிறது. மக்கள் வழக்கை மதித்து இடம் தந்த பகுப்பு அது. உங்கள் மகள் 'முன்றில்' என்று தயங்காமல் எழுதலாம்.