மேலே வந்து வாய் திறக்கும் மீன்

எங்க பண்ணைக்குட்டைக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் தூண்டில் போட ஒரு அண்ணன் வருவார். விடியறதுக்கு முன்னாடியே வந்து வேலமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். பிடிப்பது ரெண்டோ மூணோ ஜிலேபிதான், அதனால் நானும் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு ஒரு மீன்கூடப் பிடிக்காமல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, பெருசு பூரா மேலேயே நிக்குது. மூக்குக்கு நேரா மண்புழுவக் காட்டினாலும் சீண்ட மாட்டேங்குது. குட்டையில என்னமோ சரியில்ல.”

“பசியில மேல வருதுண்ணே. தீவனம் போட்டுட்டாப் போச்சு” என்றேன். போய்ப் பார்த்தேன். ஒரு கிலோவை நெருங்கிய கட்லாக்கள் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஐந்து கிலோ தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து வீசிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் கரை ஓரமாக 71 மீன் செத்து மிதந்தது. பொங்கலுக்குப் பிடிக்கலாம் என்று வைத்திருந்த மீன்.

அது ஐப்பசி. நாலைந்து நாளாக வெயிலே இல்லை. முந்தின நாள்தான் பக்கத்து வயல்காரர் நெல்லுக்கு மருந்து அடித்திருந்தார். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. செத்த மீனை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போய் அவர் களத்தில் கொட்டி, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். நாமதான் இயற்கை விவசாயி ஆயிற்றே, தப்பு நம்ம பக்கம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு.

தூண்டில் அண்ணன்தான் சாயங்காலம் வந்து கேட்டார். “மருந்து விழுந்திருந்தா பொடி மீன் சாகணும்ல? ஜிலேபிக் குஞ்சு பூரா ஓடியாடித் திரியுது. விரால் செத்துச்சா? ஒண்ணுகூடச் சாகல. தண்ணியில பூச்சிகூட நீந்துது பாரு.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “போன வாரம் ரெண்டு வண்டி சாணி கொட்டினியே தம்பி” என்றார்.

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் அந்த மூன்று கேள்வியில் பாதிப் பாடம் இருக்கிறது. மீதியை நான் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். குட்டை வெட்டி மீன் விட்டிருக்கும் நண்பர்களுக்கும், விடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. தண்ணீரில் அப்படி இல்லை. நம்ம ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்வது ஏழரை மில்லிகிராம் அளவுதான். அதில் ஐந்து இருந்தால் கெண்டை மீன்கள் நன்றாக வளரும். மூன்றுக்குக் கீழே போனால் திணற ஆரம்பிக்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் சாவுதான். மீனுக்கு இருக்கிற இடைவெளி அவ்வளவு சின்னது.

இந்தப் பிராணவாயுவின் பெரும்பகுதியைப் பகலில் உண்டாக்குவது தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி நுண்ணுயிர்கள்தான். வெயில் இருக்கும்வரை அவை கொடுத்துக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். அடியில் மக்கும் சாணியும் மிச்சத் தீவனமும் ராத்திரி பகல் பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இருப்பு மிகவும் குறைவாக இருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்னால். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் பகலில் சேரும் வரவும் குறைந்துபோகும், செலவு மட்டும் நிற்காது. நான் ரெண்டு வண்டிப் பச்சைச் சாணியைக் கொட்டியது சரியாக அந்த வாரத்தில். மேலே வந்த மீனுக்குத் தீவனம் வேறு போட்டேன். மூச்சுத் திணறும் மீன் எதையும் தின்னாது. போட்டது அத்தனையும் அடியில் போய் அழுகியது.

மீன் ஏன் மேலே வருகிறது? காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்தண்ணீர், ஒரு மெல்லிய ஏடு மாதிரி, அதில் மட்டும் கொஞ்சம் பிராணவாயு இருக்கும். அதை உறிஞ்சிச் செவுள் வழியாக விடத்தான் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பொடி மீன் அந்த ஏட்டிலேயே சமாளித்துவிடும். பெரிய உடம்புக்கு அது போதாது, அதனால் பெரிய மீன்தான் முதலில் சாகிறது. விராலும் தேளியும் கதையே வேறு. நேராகக் காற்றையே விழுங்கி மூச்சு விடும் உறுப்பு அவற்றுக்கு உண்டு. எவ்வளவு கெட்ட தண்ணீரிலும் தாங்கும்.

நஞ்சு விழுந்தால் இந்த வரிசை மாறிவிடும். பொடி மீனும் பெருசும் சேர்ந்தே சாகும், விராலும் தப்பாது. பூச்சிக்கொல்லியாக இருந்தால் நீர்ப்பூச்சியும் சின்ன இறாலும் முதலில் போகும். மீன் அமைதியாக மேலே நிற்காது, சாய்ந்து சாய்ந்து சுற்றும், கண்மண் தெரியாமல் பாய்ந்து கரையில் மோதும். நேரமும் விடியற்காலை என்று இல்லை, மத்தியானமும் நடக்கும். இங்கே நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: இலுப்பைப் புண்ணாக்கு இயற்கைதான், ஆனால் குளத்தில் வேண்டாத மீனை அழிக்கவே அதைப் போடுவார்கள். பூச்சிவிரட்டி அடித்த தெளிப்பானையும் குட்டையில் கழுவாதீர்கள்.

மேலே வருகிற மீன் எல்லாமே திணறுகிறது என்றும் பயப்பட வேண்டாம். கட்லாவுக்கு வாயே மேல்நோக்கித்தான் இருக்கிறது. மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்தான் அதன் சாப்பாடு. விரால் அடிக்கடி மேலே வந்து ‘கொப்’பென்று ஒரு வாய் காற்று வாங்கிவிட்டு உடனே இறங்கும், அது அதன் சுபாவம். சாதாக் கெண்டை சினைக்காலத்தில் கரையோரப் புல்லிலும் பாசியிலும் கூட்டமாக அடித்துப் புரளும், முட்டை ஒட்டுகிறது என்று அர்த்தம். மழை நாளில் புதுத்தண்ணீர் விழும் இடத்தில் எதிர்த்து ஏறப் பார்க்கும். வெறுமனே துள்ளிக்கொண்டும், கல்லிலும் குச்சியிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டும் இருந்தால் ஒன்றிரண்டைப் பிடித்து மீன் பேன் இருக்கிறதா பாருங்கள், கண்ணுக்கே தெரியும். சில நேரம் செம்பொடி தூவினாற்போல விரால் குஞ்சு மேலே திரளும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கிட்டே எது வந்தாலும் பாயும் என்பதால் அப்போது தூண்டிலில் சுலபமாக மாட்டும். எங்க அண்ணன் அந்த நேரத்தில் விராலைத் தொடமாட்டார். பெருசைப் பிடித்தால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்குத் தீனி.

வித்தியாசம் தெரிய ஒரு சோதனை இருக்கிறது. விடியற்காலையில் கரையில் நின்று கையைத் தட்டுங்கள். நல்ல மீன் சட்டென்று அடியில் போய்விடும், லேசில் திரும்பாது. திணறும் மீன் முங்கிய வேகத்திலேயே மேலே வந்துவிடும். முற்றிவிட்டால் சத்தத்துக்கு நகரவே நகராது.

அப்படிப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. குட்டைத் தண்ணீரையே மோட்டார் வைத்து இறைத்து மேலே தூக்கிச் சிதறி விழுகிற மாதிரி விடுங்கள். கிணறோ போரோ இருந்தால் அதையும் விடலாம். ஆனால் போர்த்தண்ணீரில் பெரும்பாலும் பிராணவாயு குறைவு, குழாயைத் தண்ணீருக்குள் விட்டால் பிரயோஜனமில்லை. கல்லிலோ பலகையிலோ மோதித் தெறித்து விழ வேண்டும். மோட்டார் இல்லாவிட்டால் மூங்கில் கழியால் தண்ணீரை அடிக்கலாம், கை வலிக்கும், ஆனாலும் பலன் உண்டு. தீவனம், சாணி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விற்றுவிடலாம் என்று அந்த நேரத்தில் வலை போட்டால் உள்ளதும் போகும்.

சாணிக் கணக்கை நான் அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு ஹெக்டேர் குளத்துக்கு வருடத்துக்கு 10 டன் என்பது கெண்டை வளர்ப்பில் வழக்கமான அளவு. என் பத்து சென்ட் குட்டைக்கு வருடம் முழுக்கவே 400 கிலோதான் ஆகிறது. குஞ்சு விடுவதற்கு 15 நாள் முன்னால் 80 கிலோ, பிறகு 15 நாளைக்கு ஒருமுறை 15 கிலோ போல, அதுவும் வெயில் அடிக்கும் நாளில். ஒரு வருடத்துக்கானதை விட அதிகமாக ஒரே நாளில் கொட்டியிருக்கிறேன். இப்போது கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பார்ப்பேன். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம், அந்தத் தவணைச் சாணி கிடையாது. அசோலாவையும் மூலையில் கயிறு கட்டி அடைத்துவிட்டேன். முழுக்க மூடினால் தண்ணீருக்குள் வெளிச்சமும் போகாது, காற்றும் கலக்காது.

பக்கத்து வயல்காரர் வீட்டுக்கு நானே போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “அப்ப எம்மருந்து மீனக் கொல்லாதுங்கிறியா?” என்று கேட்டார். “கொல்லும் மாமா. இந்தத் தடவ கொன்னது என் சாணி” என்றேன். அடுத்த வாரம் ரெண்டு பேருமாகச் சேர்ந்து நடுவில் இருந்த வரப்பை ஒரு முழம் உயர்த்தினோம், அவர் வயல் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்காதபடி.

போன ஐப்பசியில் ஒருநாள் நாலரை மணிக்கு அண்ணனிடமிருந்து போன். “தம்பி, மேல வந்துருச்சு.” எழுந்து ஓடி மோட்டாரைப் போட்டேன். ஏழு மணி வெயிலுக்கு எல்லாம் அடியில் போய்விட்டது. எட்டு மணிக்கு அவர் தூண்டிலில் ஒரு ஜிலேபி கடித்தது.