மடிக்கணினியின் மூளை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

மடிக்கணினி இல்லாத உயர்கல்வி இல்லை என்னும் காலம் இது. மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதன் பின்னர் எளியோர் இல்லங்களிலும் அப்பெயர் புழங்கலாயிற்று. ஆயினும், சொந்தப் பணம் கொடுத்து வாங்கப் புகும்போது எதைப் பார்த்து வாங்குவது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாமையால் நேர்ந்த இழப்பையும், அதன் வழியே கற்றதையும் சக மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் ஏமாந்த கதை

என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரம் ஓட்டுபவர். மைக்ரோமீட்டரைக் கொண்டு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளப்பது அவருடைய அன்றாட வேலை. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, சீட்டுப் பணம் 22,000 ரூபாயுடன் இருவரும் ஆவடியில் மின்சார ரயில் ஏறி நகரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர், பழையதைப் புதுப்பித்த கணினி ஒன்றைக் காட்டி, "இது ஐ5 சார், ஐ3-ஐ விட உசத்தி" என்றார். அருகில் இருந்த புதிய ஐ3 கணினியோ விலை அதிகம். "மூணை விட அஞ்சு பெரிசுதானே" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். வாங்கிவிட்டோம்.

சில மாதங்களில் அது நத்தையாயிற்று. எங்கள் துறை விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். "ஐ5 இருக்கட்டும், முழு எண்ணைப் படி" என்றார். படித்தேன்: ஐ5-7200யு. 2016-இல் வெளிவந்த செயலி. உள்ளே இரண்டே கோர்கள். விண்டோஸ் 11-க்கு ஏற்ற செயலிகளின் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ஐ3-இன் விலைச்சீட்டு என் கைப்பேசிப் படத்தில் இருந்தது: ஐ3-1215யு. அது 2022-இல் வந்தது. ஆறு கோர்கள் கொண்டது. செய்தியைச் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. "அளக்காம வாங்கிட்டோம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

செயலி என்பது யாது?

கணினியில் கணக்கிடும் பணி முழுவதையும் நடத்தும் சிறு சிலிக்கான் சில்லே செயலி. 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று அவை பல நூறு கோடியாகப் பெருகிவிட்டன.

ஒரு பட்டறையை நினைத்துக்கொள்வோம். கோர்கள் என்பவை லேத் இயந்திரங்கள். கிகாஹெர்ட்ஸ் என்பது அவை சுழலும் வேகம். ரேம் என்பது வேலை நடக்கும் மேசை. எஸ்.எஸ்.டி. என்பது சரக்கு அறை. இயந்திரம் எவ்வளவு நல்லதாயினும், மேசை குறுகியும் சரக்கு அறை தொலைவிலும் இருந்தால் வேலை தேங்கும்.

அப்படியானால் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாகாதா? இங்கே நம் இயற்பியல் குறுக்கிடுகிறது. செயலி இயங்குகையில் செலவிடும் திறன் அதன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்த்தகவில் உள்ளது. அதிர்வெண்ணை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால் வெப்பம் மளமளவென்று ஏறுகிறது. ஆகவேதான் 2005-ஐ ஒட்டி, ஒரே கோரை விரட்டுவதை விட்டுக் கோர்களின் எண்ணிக்கையைப் பெருக்கத் தொடங்கினர். ஆதலின் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் வைத்து இரு செயலிகளை ஒப்பிடுதல் தவறு.

எண்ணைப் படிக்கும் முறை

முதலாவது, தலைமுறை. இன்டெல்லின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் வைத்த படிகள் மட்டுமே. பின்வரும் எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களும், இல்லையேல் முதல் இலக்கமும் தலைமுறையைக் குறிக்கும். 1215 என்பது பன்னிரண்டாம் தலைமுறை; 7200 என்பது ஏழாம் தலைமுறை. 2023-இல் இன்டெல் பெயரை மாற்றி 'ஐ' எழுத்தை நீக்கியது. இப்போது கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று வருகின்றன.

இரண்டாவது, இறுதி எழுத்து. யு என்பது ஏறத்தாழ 15 வாட் வகை. மின்கலம் நெடுநேரம் நிற்கும். எச் என்பது ஏறத்தாழ 45 வாட் வகை. ஆற்றல் மிகுதி, சூடும் மிகுதி. என்100 போன்ற என் வரிசையில் சிறு கோர்கள் மட்டுமே உண்டு. தட்டச்சுக்கும் பாடக் காணொளி பார்ப்பதற்கும் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது.

மூன்றாவது, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன். இங்கே மிகுந்த விழிப்பு வேண்டும். அதன் 7000 வரிசை மடிக்கணினிச் செயலிகளில் முதல் இலக்கம் விற்பனை ஆண்டை மட்டுமே குறிக்கும். உள்ளமைப்பைச் சொல்வது மூன்றாம் இலக்கம். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாம் இலக்கம் 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 அமைப்பு, நான்கு கோர்கள். ரைசன் 5 7530யு என்பதில் அது 3. ஜென் 3 அமைப்பு, ஆறு கோர்கள். ஓர் இலக்கத்தில் இவ்வளவு வேறுபாடு! வெளுத்ததெல்லாம் பாலன்று.

யாருக்கு எது?

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். தட்டச்சு, கணக்குத்தாள், ஆய்வக வரைபடம், தொடக்கநிலை பைத்தான் நிரல் ஆகியவற்றுக்கு அண்மைத் தலைமுறை ஐ3 அல்லது ரைசன் 3 போதும். கைப்பேசிச் செயலிகள் உருவாக்குவோர்க்கும் காணொளி தொகுப்போர்க்கும் ஐ5 அல்லது ரைசன் 5 நன்று. எச் வகையைக் கனமான வேலை உடையோர் மட்டும் நாடலாம். ஐ7-க்குத் தரும் பணத்தை 16 ஜி.பி. ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் தருவதே நம் போன்றோர்க்கு அறிவுடைமை. 8 ஜி.பி.க்குக் குறைந்த ரேம் வேண்டாம். ரேமைப் பின்னர்க் கூட்ட இயலுமா, பலகையோடு பற்றவைத்ததா என்றும் கேளுங்கள். 7520யு உள்ள கணினிகளில் அது பற்றவைத்ததே.

கடையில் செய்ய வேண்டியது எளிது. விண்டோஸில் 'சிஸ்டம்' பகுதியில் 'அபவுட்' என்பதைத் திறந்தால் செயலியின் முழுப் பெயர் தெரியும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள். தெரிந்தவரிடம் கேட்டபின் மறுநாள் வாங்கினாலும் குடி முழுகாது.

முடிவுரை

எங்கள் பழைய ஐ5 வீணாகிவிடவில்லை. விரிவுரையாளர் சொற்படி எஸ்.எஸ்.டி. பொருத்தி, ரேமை 8 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் நிறுவினேன். இக்கட்டுரையை எழுதியதும் அதில்தான். ஆனால் அச்செலவையும் சேர்த்துப் பார்த்தால், முன்னரே கேட்டிருந்தால் அந்தப் புதிய ஐ3-ஐ ஏறக்குறைய நெருங்கியிருப்போம்.

நமக்குச் சில கல் தொலைவிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி அவர்களின் குழு 'சக்தி' என்னும் செயலியை வடிவமைத்தது. அதன் சில்லு ஒன்று 2018-இல் சண்டிகரை அடுத்த மொகாலியில் உருவாக்கப்பட்டது. செயலியைப் படைக்கும் அறிவு நம் நகரிலேயே இருக்கும்போது, அதன் எண்ணைப் படிக்கும் அறிவேனும் நமக்கு வேண்டாமா? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மைப் போன்றோர்க்குக் கேட்டறிய வீட்டில் ஆள் இல்லை. ஆகவே வெளியில் கேட்க நாணலாகாது. பெயரைப் பார்த்து வாங்காதீர், அளந்து வாங்குவீர்!