துப்பாக்கி ஏன் உதைக்கிறது?



சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் மகன் இரண்டு விலைப்பட்டியல்களைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பதினோராம் வகுப்பு மாணவன். துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் ஓராண்டாகப் பயிற்சி பெறுகிறான். கழகத்தில் இருக்கும் காற்றுத் துப்பாக்கியை நான்கு பேர் முறைவைத்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே சொந்தமாக ஒன்று வாங்கித் தர அவன் அப்பா இசைந்திருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: வாங்குவது ஒரே முறைதான், பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

"மாமா, இரண்டுமே சுருள்வில்லால் இயங்குபவைதான். ஒன்றின் வேகம் விநாடிக்கு 305 மீட்டர் என்று போட்டிருக்கிறது. மற்றதற்கு 170 மீட்டர்தான். விலையோ ஏறக்குறைய ஒன்று. வேகமானதையே வாங்கிவிடலாமா?" என்று கேட்டான்.

"வேகம் கூடினால் உதையும் கூடும். உந்த அழிவின்மை விதி படித்திருக்கிறாயே, கணக்குப் போட்டுப் பார்" என்றேன்.

அவன் தாளை எடுத்தான். துப்பாக்கியின் நிறை 4 கிலோகிராம். ஈய ரவையின் நிறை அரை கிராம், அதாவது 0.0005 கிலோகிராம். வேகம் விநாடிக்கு 170 மீட்டர். ரவையின் உந்தம் 0.0005 × 170 = 0.085. இதனை 4 ஆல் வகுத்தால் துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம் கிடைக்கும். விடை விநாடிக்கு 0.02 மீட்டர், அதாவது 2 சென்டிமீட்டர்.

விடையைப் பார்த்துவிட்டு அவன் நிமிர்ந்தான். "மாமா, இது நத்தை மாதிரி அல்லவா இருக்கிறது? கழகத்துத் துப்பாக்கி தோளில் நன்றாக இடிக்கிறதே!"

எனக்குச் சற்று வெட்கமாகப் போய்விட்டது. இருபது ஆண்டுகளாக வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்குத்தான் அது. கணக்கு சரி, விதியும் சரி. ஆனால் பையனின் தோளும் பொய் சொல்லாது. அப்படியானால் கணக்கில் நாம் எதையோ சேர்க்காமல் விட்டிருக்கிறோம். அது என்ன?

உள்ளே நடப்பது என்ன?

திருவிழாக் கடைகளிலும் கடற்கரையிலும் பலூன் சுடும் துப்பாக்கியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழலை மடக்கி, "டக்" என்ற ஒலி கேட்கும் வரை அழுத்திய பிறகே ரவையை இடுவார்கள். அப்படி மடக்கும்போது உள்ளே இருக்கும் வலிமையான எஃகுச் சுருள்வில் அமுக்கப்படுகிறது. நம் கை செய்த வேலை, வில்லில் நிலை ஆற்றலாகச் சேர்கிறது. வில்லின் முன்னே ஒரு பிஸ்டன். அதற்கு முன்னே ஓர் உருளை நிறையச் சாதாரணக் காற்று.

குதிரையை இழுத்ததும் வில் விடுபடுகிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாய்கிறது. உருளையில் இருக்கும் காற்று மிக விரைவாக அமுக்கப்படுவதால், வெப்பம் வெளியேற நேரமே இல்லை. இதைத்தான் வெப்பமாற்றீடற்ற மாற்றம் என்று பாடத்தில் படிக்கிறீர்கள். காற்றின் கனஅளவு இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது எனக் கொண்டு கணக்கிட்டால், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 66 மடங்காகிறது. வெப்பநிலை 700 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது! உருளைச் சுவர் வெப்பத்தை உறிஞ்சுவதாலும், காற்றுக் கசிவதாலும் உண்மையில் இதைவிடக் குறையலாம். ஆனாலும் உருளைக்குள் எண்ணெய்த் துளி இருந்தால் அது டீசல் இயந்திரத்தில் எரிவது போலவே எரிந்துவிடும். அப்போது ஒவ்வொரு சுடுதலுக்கும் வேகம் ஒவ்வொரு விதமாக இருக்கும். "எண்ணெய் போட்டேன், துப்பாக்கி பலமாகச் சுடுகிறது" என்று சிலர் பெருமைப்படுவதன் இரகசியம் இதுதான். அது பலமன்று, கோளாறு.

இந்த அழுத்தம்தான் ரவையைக் குழலில் தள்ளுகிறது. குதிரையை இழுத்ததிலிருந்து ரவை வெளியேறும் வரை எல்லாம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் முடிந்துவிடுகிறது.

விட்டுப்போன பொருள்

இப்போது கணக்கில் விட்டுப்போனது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பிஸ்டன்!

பிஸ்டனும் அதனுடன் நகரும் வில்லின் பகுதியும் சேர்ந்து 300 கிராம் எனக் கொள்வோம். அது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தை அடைகிறது என்க. உந்தம் 0.3 × 10 = 3. ரவையின் உந்தமோ 0.085 தான். பிஸ்டனுடையது அதைப் போல் 35 மடங்கு! துப்பாக்கியின் மற்றப் பகுதியின் நிறை 3.7 கிலோகிராம். எனவே அது பின்னோக்கி நகரும் வேகம் விநாடிக்கு 80 சென்டிமீட்டர். பையனின் தோள் சொன்னது சரியே.

இதை ஒரு தோணியைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அசையாமல் நிற்கும் தோணியில் ஒருவர் பின்முனையிலிருந்து முன்முனைக்கு நடந்தால், தோணி பின்னோக்கி நகரும். அவர் நின்றால் தோணியும் நின்றுவிடும். ஆளும் தோணியும் சேர்ந்த தொகுதியின் நிறை மையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிஸ்டன்தான் அந்த ஆள்; துப்பாக்கிதான் தோணி. பிஸ்டன் உருளைக்குள் 7 சென்டிமீட்டர் நகர்ந்தால் துப்பாக்கி எவ்வளவு பின்வாங்கும்? 0.3 × 7 ÷ 4 = 0.525 சென்டிமீட்டர். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்!

இத்துடன் முடியவில்லை. பாய்ந்து வரும் பிஸ்டனை எதிரே அமுக்கப்பட்ட காற்று மெத்தை போல் தடுத்து நிறுத்துகிறது. அப்போது துப்பாக்கிக்கு முன்னோக்கி ஓர் இழுப்பு ஏற்படுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டும் உதைக்கும். சுருள்வில் துப்பாக்கியோ முதலில் பின்னே, உடனே முன்னே என இரு முறை உலுக்கும். இந்த இரட்டை உலுக்கலால்தான் பெரிய வேட்டைத் துப்பாக்கியில் நன்றாக உழைக்கும் தொலைநோக்கி, சிறிய காற்றுத் துப்பாக்கியில் பொருத்தியதும் பழுதாகிவிடுவதுண்டு.

முக்கியமான செய்தி என்னவென்றால், இந்த ஆட்டமெல்லாம் ரவை குழலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதே. ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் போதும், 10 மீட்டர் தொலைவில் ரவை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் படும். 10 மீட்டர் ரைஃபிள் போட்டியின் இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்று தொழிற்சாலைகள், மூன்று விடைகள்

இந்தச் சிக்கலுக்கு 1960, 1970களில் ஜெர்மானியப் பொறியாளர்கள் கண்ட தீர்வுகள் இயற்பியல் மாணவருக்கு நல்ல விருந்து. அந்நாளில் 10 மீட்டர் போட்டிகளில் சுருள்வில் துப்பாக்கிகளே முன்னணியில் இருந்தன. மூன்று புகழ்பெற்ற தொழிற்சாலைகள் ஒரே கேள்விக்கு மூன்று விதமாக விடை எழுதின.

முதல் விடை, ஊல்ம் நகரத்து வால்டர் நிறுவனத்தின் எல்.ஜி.வி. துப்பாக்கி. "தோணி கனமானால் குறைவாக நகரும்" என்பதே அதன் தத்துவம். நாலரைக் கிலோவுக்கும் மேற்பட்ட எடை. நம் கணக்கில் 4 கிலோவுக்குப் பதில் 5 கிலோ என்று போட்டால் பின்வாங்கும் தூரம் 5.25 மில்லிமீட்டரிலிருந்து 4.2 ஆகக் குறைகிறது. உதை குறைந்ததே தவிர, மறையவில்லை. ஆனால் அமைப்பு எளிது, பழுது குறைவு.

இரண்டாவது விடை, ராஸ்டாட் நகரில் தயாரான டயானா துப்பாக்கிகளில் 75 போன்ற போட்டி வகைகளில் இருந்தது. தோணியில் ஒருவர் முன்னே நடக்கும் அதே நேரத்தில், அதே எடையுள்ள இன்னொருவர் பின்னே நடந்தால் தோணி அசையுமா? அசையாது! இந்தத் துப்பாக்கிகளில் இரண்டு பிஸ்டன்கள். ஒன்று முன்னே சென்று காற்றை அமுக்கும். மற்றது வெறும் எதிர்நிறையாகப் பின்னே செல்லும். இரண்டும் ஒரே கணத்தில் புறப்பட்டு ஒரே கணத்தில் நிற்குமாறு பற்சக்கரத்தால் இணைத்திருப்பார்கள். உந்தங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கோட்பாட்டின்படி இதைவிட அழகான விடை இல்லை. ஆனால் உறுப்புகள் அதிகம். கழற்றிப் பூட்டும்போது பற்கள் சரியாகப் பொருந்தாவிட்டால் சமநிலையே போய்விடும். பழுது பார்க்கத் தேர்ந்த கை வேண்டும்.

மூன்றாவது விடை, ஓபர்ண்டார்ஃப் நகரத்து ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்துடையது. அதன் 300 வகை துப்பாக்கி உதையைத் தடுக்கவே முயலவில்லை. குழல், உருளை, பிஸ்டன் எல்லாம் சேர்ந்த இயங்கு பகுதி, மரக்கட்டையின் மீது தண்டவாளத்தில் போல் வழுக்கிச் செல்லும். குதிரையை இழுக்கும் கணத்தில் அதன் பூட்டுத் திறந்துகொள்ளும். இயங்கு பகுதி சில மில்லிமீட்டர் பின்னே செல்லும். ஆனால் தோளில் பதிந்திருக்கும் கட்டைக்கு அந்த ஆட்டம் பெரிதாக எட்டாது. குழல் தன் அச்சுக்கோட்டிலேயே நேராக நகர்வதால் குறி விலகுவதில்லை. சுடுபவர் இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்திப் பிடித்தாலும் அது ஒரே விதமாக நகரும்.

இம்மூன்றில் 1970களின் போட்டி அரங்குகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது மூன்றாவதே. ஏன்? ஆட்டம் இருந்தாலும் அது ஒவ்வொரு முறையும் மாறாத ஆட்டம். மாறாத பிழையைக் குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். முறைக்கு முறை மாறும் பிழைக்கு மருந்தில்லை. ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான்: சுழிப்பிழை உள்ள திருகு அளவியை நம்பலாம், தளர்ந்து ஆடும் திருகு அளவியை நம்ப முடியாது.

1980களிலிருந்து, முன்கூட்டியே அழுத்திவைத்த காற்றால் இயங்கும் துப்பாக்கிகள் போட்டி அரங்கில் சுருள்வில்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் பாய்ந்து செல்லும் கனத்த பிஸ்டனே இல்லை அன்றோ! ஆனால் தொடக்கப் பயிற்சிக்குச் சுருள்வில் துப்பாக்கி இன்றும் பயன்படுகிறது.

பட்டியலில் உள்ள எண்

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். 305 என்ற எண்ணின் பொருள் என்ன? எத்தகைய ரவையைச் சுட்டால் அந்த வேகம் என்று பட்டியலில் சொல்லவில்லை. 0.3 கிராம் எடையுள்ள இலேசான ரவை எனக் கொண்டால், இயக்க ஆற்றல் ஏறத்தாழ 14 ஜூல். அதே ஆற்றல் அரை கிராம் ரவைக்குக் கிடைத்தால் வேகம் 236 மீட்டர்தான். ரவையின் நிறை சொல்லாத வேகம், பொருளின் பெயர் சொல்லாத விலை போன்றது.

170 மீட்டர் துப்பாக்கியின் ஆற்றல் 7.2 ஜூல். தாளில் துளையிட இது தாராளம். ஜெர்மனியில் உரிமம் இன்றி வைத்திருக்கக் கூடிய காற்றுத் துப்பாக்கிக்கு வரம்பே 7.5 ஜூல்தான், பெயர்பெற்ற போட்டித் துப்பாக்கிகள் அதற்குள் அடங்கியவையே. 14 ஜூலுக்கு வில் வலுவாக வேண்டும். பிஸ்டனின் ஆற்றலும் கூட வேண்டும். அதனால் உலுக்கலும் கூடும். வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.

"அப்படியானால் எதை நம்பி வாங்குவது?" என்றான். "பட்டியலை நம்பாதே, தாளை நம்பு" என்றேன். பயிற்சியாளர் முன்னிலையில் இரண்டிலும் ஒரே வகை ரவையால் பத்து முறை சுட வேண்டும். பத்துத் துளைகளும் நடுவில் படுகின்றனவா என்பதன்று கேள்வி. ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்பதே கேள்வி. இன்னொன்றும் சொன்னேன்: துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காதே. சாதாரணச் சுருள்வில் துப்பாக்கியில் வழுக்கும் தண்டவாளம் இல்லை. உன் கைதான் தண்டவாளம். உள்ளங்கையில் தளர்வாக வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பின்வாங்க விடு.

இரண்டு வாரம் கழித்து இரண்டு தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். வேகமான துப்பாக்கியின் பத்துத் துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கவில்லை. மெதுவானதன் துளைகள் அடங்கியிருந்தன. எதை வாங்கினான் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் அந்த ஆண்டிலிருந்து கரும்பலகைக் கணக்கில் பிஸ்டனைச் சேர்த்துக்கொண்டேன்.

ஓர் எச்சரிக்கை: காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அன்று. 7 ஜூல் ரவை ஒரு கண்ணை நிரந்தரமாகப் பறித்துவிடும். பயிற்சிக் களத்தில், பெரியவர் மேற்பார்வையில், காப்புக் கண்ணாடி அணிந்து மட்டுமே கையாள வேண்டும். வாங்குமுன் சட்ட விதிகளைப் பெரியவர்கள் கேட்டறிந்துகொள்வது அவசியம்.

சிந்திக்க:

1. ரவையின் வேகத்தை ஊசலால் அளக்கும் முறையை ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-ல் விளக்கி எழுதினார். 1 மீட்டர் நீளக் கயிற்றில் தொங்கும் 500 கிராம் களிமண் கட்டியில் 0.5 கிராம் ரவை பதிந்து, கட்டி 5.4 சென்டிமீட்டர் விலகியது எனக் கொள்க. ரவையின் வேகம் என்ன? (தாளில் மட்டும் செய்க.)

2. அந்த ரவையின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7.2 ஜூல். மோதிய பின் கட்டியின் இயக்க ஆற்றல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மீதி எங்கே போயிற்று?

3. பிஸ்டனின் நிறையைப் பாதியாகக் குறைத்தால் துப்பாக்கி பின்வாங்கும் தூரம் என்ன ஆகும்?