ஏழைகளின் களஞ்சியம்



ஏப்ரல் 15-ந் தேதி தொடங்கி ஜூன் 14-ந் தேதி வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. முன்னே 45 நாளாயிருந்த இந்தத் தடை 2017 முதல் 61 நாளாயிற்று. மீன் இனம் பெருகுகிற காலமாகையால் தடை நியாயமானதே. ஆனால் படகுக்குச் சொந்தக்காரர் பொறுத்துக்கொள்ளும் அறுபது நாளை, அவர் படகில் கூலிக்குப் போகிறவன் வீடு பொறுக்காது. ஐஸ் உடைக்கிறவனுக்கும் மீன் கூடை சுமக்கிறவளுக்கும் அப்படியே. போதாததற்கு ஜூன் மாதம் பள்ளிக்கூடமும் திறந்துவிடுகிறது. இவர்களை எண்ணித்தான் நம் கோவிலை அடுத்த சிறு அறையை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகளின் களஞ்சியமாக நடத்தி வருகிறார்கள். அதற்குக் கொடுப்பது எப்படி என்பதே இந்த வாரப் பாடம்.

"கொடுக்கிறதற்கும் சாமியார் பாடம் சொல்ல வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டியதாய்த்தான் இருக்கிறது. சென்ற மாதம் அறையைத் திறந்து பார்த்தேன். அரிசிப் பைகள் சுவரோரம் நிறைய இருந்தன, இரண்டில் வண்டு. தேதி கடந்த மாவு டப்பாக்கள் ஒரு தட்டு நிறைய. சலவைச் சோப்பு ஒன்றுகூட இல்லை.

1617-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு தேசத்தில் ஷாட்டியோன் என்னும் சிற்றூரில் அர்ச். வின்சென்ட் தே பவுல் பங்குக் குருவாயிருந்தார். பூசைக்கு உடுப்பு அணிகிற வேளையில், ஊருக்கு வெளியே ஒரு குடும்பத்தில் எல்லாரும் நோயாய்ப் படுத்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்று செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதை உருக்கமாய்ச் சொன்னார். பிற்பகல் அவரே பார்க்கப் புறப்பட்டபோது, வழி நெடுக ஸ்திரீகள் உணவு சுமந்து போவதும் வருவதுமாய் இருந்தார்கள். வெயில் தாளாமல் சிலர் வழியோரம் உட்கார்ந்திருந்தார்கள். வேறொருவராயிருந்தால் மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பார். அர்ச்சியசிஷ்டவரோ, இவ்வளவும் ஒரே நாளில் வந்தால் பாதி கெட்டுப்போகும், அடுத்த வாரம் அந்த வீடு மறுபடி பட்டினி கிடக்குமே என்று யோசித்தார். சில நாளைக்குள் அந்த ஸ்திரீகளைக் கூட்டி, இன்ன நாள் இன்னார் என்று முறை வைத்தார். அவர் எழுதிக்கொடுத்த ஒழுங்கில், நோயாளிக்கு முன் துணி விரித்து, மலர்ந்த முகத்தோடு உணவு பரிமாற வேண்டும் என்பது வரை விவரமாய் இருக்கிறது. நம் சபை அவர் பேரால் பாரீசில் தொடங்கியது அதற்கு வெகுகாலம் பின்பு, 1833-ல்.

இது புதிதல்ல. அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 6-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசின கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள் என்று முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த வேலைக்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள். அர்ச். முடியப்பர் அவர்களில் ஒருவர். வேதசாட்சியாகுமுன் அவருக்குக் கிடைத்த உத்தியோகம் பந்தி விசாரணை!

இனி நம் களஞ்சியத்துக்கு வருவோம். நம் மாநிலத்தில் 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் குறைந்த விலைக்கு உண்டு. அதற்கும் கையில் காசு வேண்டும். சோப்பு, புளி, மிளகாய்த்தூள், தேயிலை, தேங்காயெண்ணெய், பற்பசை இவற்றையெல்லாம் கடையில்தான் வாங்கியாக வேண்டும். பானையில் சோறிருந்தும், அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போகக் கூசி வீட்டில் நின்றுவிடுகிற பிள்ளையை நான் அறிவேன். வயது வந்த பெண்பிள்ளைகளுக்கு மாதந்தோறும் வேண்டியது இன்னதென்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதையும் தாராளமாய்க் கொடுங்கள். வாங்கி அடுக்குகிறவர்கள் பெண்களே.

நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடியரிசி என்று பேர். சமைக்கிறதற்கு முன் எடுத்தது அது, உண்டு மிஞ்சினதல்ல. கடைக்குப் போகிறபோது உங்கள் வீட்டுக்கு வாங்குகிற அதே சோப்பில், அதே பருப்பில் ஒன்று கூடுதலாய் வாங்குங்கள். மலிவான வேறொன்று ஏழைக்கென்று தேட வேண்டாம்.

இன்னொன்று. தடைக் காலத்தில் அறை வாசலில் வரிசை வைக்க மாட்டோம். போன வருஷம் வரை திருவிழா வரியைத் தவறாமல் கட்டினவர்கள், இந்த வருஷம் பையோடு ஊரார் முன் நிற்பார்கள் என்று எதிர்பார்க்கலாமா? சபையார் இருட்டின பிறகு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யார் வீட்டுக்குப் போகிறது என்று அவர்களைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள்.

இந்தத் தபசு காலம் முழுவதும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் அறை திறந்திருக்கும். டப்பாவின் தேதியைப் பார்த்துக் கொண்டு வாருங்கள். பைமேல் உங்கள் பேரை எழுத வேண்டாம்.