இருபதாயிரமும் ஐம்பத்திரண்டாயிரமும்

சென்னையில் கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆகிவிட்டால் சொந்தபந்தம் கேட்கத் தொடங்கிவிடும்: "இன்னும் எத்தனை நாளைக்கு வாடகை கொடுத்துக்கிட்டே இருக்கப்போறீங்க?" வாடகை கையை விட்டுப் போகிற பணம், வங்கித் தவணை சொத்தாகச் சேர்கிற பணம் என்ற முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் ஏற்பதில்லை. சொந்த வீடு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வாங்குவதா வாடகைக்கு இருப்பதா என்பதை, அந்த வீட்டில் எத்தனை வருடம் இருக்கப்போகிறோம் என்பதே தீர்மானிக்க வேண்டும். உறவினர் வாயும் கட்டுமான நிறுவன விளம்பரமும் தீர்மானிக்கக் கூடாது.

மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் 75 லட்சம் ரூபாய்க்கு விலை பேசப்படும் ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். அதே வீடு 20,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே கடன் 60 லட்சம், கைப்பணம் 15 லட்சம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 6.75 லட்சத்தையும் கையிலிருந்துதான் வைக்க வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். முதல் மாதத் தவணையில் 42,500 வட்டிக்குப் போகும். அசலில் கழிவது பத்தாயிரம்கூட இல்லை. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினால் 31 லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்போம், அசல் குறைந்திருப்பதோ சுமார் 7 லட்சம். மீதி 24 லட்சம் வட்டி. வாடகை திரும்பி வராது என்கிறோமே, இந்த 24 லட்சம் மட்டும் திரும்பி வருமா? அதே ஐந்து வருடத்தில், வாடகை ஏறாமலே இருந்தால் கொடுத்திருக்கக்கூடியது 12 லட்சம். வருடம் 5 சதவீதம் ஏறினால் 13 லட்சத்துக்குச் சற்று மேல்.

வாடகை ஏறிக்கொண்டே போகும், தவணை அப்படியே நிற்கும் என்பார்கள். ஏறுவது உண்மை. ஆனால் வருடத்துக்கு 5 சதவீதம் என்று ஏறினாலும், 20,000 ரூபாய் வாடகை 52,000-ஐத் தொட ஏறக்குறைய 20 வருடம் பிடிக்கிறது. அதாவது கடன் முடிகிற காலம் வரை. தவணை அப்படியே நிற்கும் என்பதும் முழு உண்மையில்லை. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளிடம் வாங்கும் வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5-க்குப் போனது. மாறும் வட்டியில் வாங்கியிருந்த பலருக்குத் தவணைத் தொகை கூடியது, அல்லது கடன் காலம் வருடக்கணக்கில் நீண்டது. பிறகு குறையவும் செய்தது. ஆனாலும் உயர்ந்த மாதங்களைத் தாங்கும் தெம்பு வீட்டு வரவுசெலவில் இருந்திருக்க வேண்டும்.

விலை ஏறுமே என்பது அடுத்த வாதம். முதல் வருட வட்டி சுமார் 5 லட்சம். கைப்பணமும் பதிவுச் செலவுமான 21.75 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி 1.4 லட்சம். இரண்டையும் கூட்டி, மிச்சமாகும் 2.4 லட்சம் வாடகையைக் கழித்தால் 4 லட்சம் நிற்கிறது. ஆக, கையைக் கடிக்காமல் இருப்பதற்கே முதல் வருடம் வீட்டு விலை ஐந்தரை சதவீதம் ஏற வேண்டும், பதிவுச் செலவை மீட்பது தனி. ஏறவே ஏறாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏறுவது மண், கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகிறது. தனி மனையில் வீடு கட்டிய நம் பெற்றோர் தலைமுறையின் லாபத்தை ஃபிளாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு. வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்தில் எழுதப்படும் யுடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப் பங்கு. மாடிகள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் வரும் பங்கு சிறுத்துக்கொண்டே போகும். நீச்சல்குளத்தைக் காட்டுகிற விளம்பரத்தில் இந்த எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. வரிச்சலுகை என்ற வாதமும் முன்போல் எடுபடாது: புதிய வருமான வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டிக்குக் கழிவு கிடையாது.

எதிர்வாதங்களில் நான் மதிப்பது இரண்டு. ஒன்று சேமிப்பு. தவணைக்கும் வாடகைக்கும் நடுவே இருக்கும் 32,000 ரூபாயை மாதம் தவறாமல் தொடர் வைப்பில் போட்டால், 6.5 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் 22 லட்சத்தைத் தாண்டும். போட்டால்தான். வீட்டுக்கடன் கட்டாயப்படுத்திச் சேமிக்க வைக்கிறது, கையில் மிச்சமாகும் காசு கரைந்துவிடுகிறது. உங்கள் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அது கரைக்கிற கை என்றால், மேலே போட்ட கணக்கையெல்லாம் மறந்துவிட்டு, தாங்கக்கூடிய விலையில் வாங்குங்கள். இரண்டாவது கணக்கில் அடங்காதது. "சைவம் மட்டும்" என்று தொடங்கி, சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டு, பெயரைக் கேட்டதும் "இப்பத்தான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்று அனுப்பிவைக்கும் ஊர் இது. தலித் குடும்பங்கள், இஸ்லாமியர், தனியாக வாழும் பெண்கள் இதை ஒவ்வொரு வீடு மாற்றத்திலும் அனுபவிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும்போது வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும் என்ற அச்சமும் சாதாரணமானதல்ல. அந்த அவமானத்திலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுபட ஒருவர் மாதம் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தால், அதை நஷ்டம் என்று எழுத எனக்கு மனம் வராது. ஓய்வுக்குப் பிறகு மாதச் சம்பளம் இல்லாத நாளில் வாடகை இல்லாத கூரை வேண்டும் என்பதும் நியாயமே.

ஆகவே வேலையும் பள்ளியும் அதே பகுதியில் பத்து வருடமாவது நிலைக்கும் என்று தெரிந்தவர், கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்குகிறவர், முன்பணத்துக்காக நகையையும் பி.எஃப். பணத்தையும் துடைத்தெடுக்க வேண்டியிராதவர் தாராளமாக வாங்கலாம். மூன்று வருடத்தில் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ மாறக்கூடும் என்கிறவருக்கு வாடகைதான் சரி.

வாங்குவது என்று முடிவெடுத்தவருக்கும் ஒன்று சொல்வேன். வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வக்கீல் பார்த்துவிடுவார். தெருவை நாம்தான் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் வேளச்சேரி, முடிச்சூர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மறுபடியும் தேங்கியது. வாடகைக்கு இருந்தவர் அடுத்த மாதமே மேட்டுப் பகுதிக்குப் போகலாம், கடனில் வாங்கியவர் போக முடியாது. ஆகவே வாங்க நினைக்கும் தெருவிலேயே பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அங்கே இருந்து பாருங்கள். மே மாதம் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு ஆகிறது, நவம்பரில் வாசற்படியில் எத்தனை படி முழுகுகிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பதினோரு மாத வாடகை 2.2 லட்சம். தவறான தெருவில் வாங்கி, விற்று, வேறொன்று வாங்கினால் இரண்டாவது பதிவுக்கு மட்டுமே அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும்.