சிம்ப்யூட்டர் முதல் செல்போன் வரை: கம்பைலர் பற்றிய தவறான நம்பிக்கைகள்

கையடக்க லினக்ஸ் கணினிக்கு நிரல் எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்ப்பதெல்லாம் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்கிற வேலை என்ற எண்ணம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம், திட்டக்குடி, மங்களூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஊறிக் கிடக்கிறது. விலையுயர்ந்த லேப்டாப் வேண்டும், வேகமான இணையம் வேண்டும், பெரிய நிறுவனத்தில் பயிற்சி வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, தொடங்கும் முன்பே விட்டுவிடுகிறார்கள். இந்த எண்ணங்களில் பெரும்பாலானவை தவறு. சிலவற்றில் பாதி உண்மை உண்டு. அதிகம் கெடுப்பவை அவைதான்.

“எந்தக் கருவியில் ஓட வேண்டுமோ, அதிலேயேதான் கம்பைல் செய்ய வேண்டும்”

இந்தியாவிலேயே பிறந்த கையடக்க லினக்ஸ் கணினியை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டரின் முன்மாதிரி 2001 ஏப்ரலில் வெளிவந்தது. பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து அதன் ஒரு வகையை ‘அமிடா’ என்ற பெயரில் 2004 மார்ச்சில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. உள்ளே இருந்தது ஆர்ம் இனத்தைச் சேர்ந்த ஸ்ட்ராங்ஆர்ம் செயலி. வேகம் 206 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 100 எம்பியைக்கூடத் தொடவில்லை. தொடுதிரை, ஸ்மார்ட் கார்டு வசதி, கையை அசைத்தால் பக்கம் புரளும் உணரி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பெரிய சி++ நிரல் ஒன்றை அதற்குள்ளேயே கம்பைல் செய்ய உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

அதற்காகத்தான் கிராஸ் கம்பைலர். சாதாரண இன்டெல் மேசைக் கணினியில் இருந்துகொண்டே, ஆர்ம் செயலிக்குரிய கட்டளைகளை அது எழுதித் தரும். விருத்தாசலத்துப் பீங்கான் குவளை சூளையில் வெந்து அடுப்படிக்கு வருகிறது. அடுப்படியில் சூளை வைக்க வேண்டியதில்லை. இன்று டெபியன் லினக்ஸ் உள்ள எந்தப் பழைய கணினியிலும் ‘கிராஸ்பில்டு-எசென்ஷியல்’ என்ற தொகுப்பை நிறுவினால் போதும், ஆர்ம் செயலிக்கான கம்பைலரும் அடிப்படை நூலகங்களும் ஒன்றாக வந்து இறங்கிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2010-இல் வந்த ஓப்பன் பண்டோரா என்ற கையடக்க லினக்ஸ் கணினியில் 256 எம்பி நினைவகம்தான். அதற்கு ஜிசிசி கம்பைலரையும் கோட் பிளாக்ஸ் எழுதுதளத்தையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தார்கள். நினைவு அட்டையில் போட்டுத் திறந்தால் வேலை தொடங்கிவிடும். சிறிய சி நிரலுக்கு இதுவே ஆகச் சுலபமான வழி. கருவிக்குள் செய்வதா வெளியே செய்வதா என்பதை நிரலின் கனத்தைப் பார்த்து முடிவு செய்தால் போதும்.

“கிராஸ் கம்பைல் செய்தால் எப்படியும் எங்காவது உதைக்கும்”

இது பாதி உண்மை. நிறைய லினக்ஸ் நிரல்களுடன் ‘கன்ஃபிகர்’ என்றொரு சிறு நிரல் வரும். அது குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து, கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளும். ஆர்ம் செயலிக்காகச் செய்த சோதனை நிரல் இன்டெல் கணினியில் ஓடாது. கன்ஃபிகர் குழம்பி நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு கண்டு இருபது ஆண்டாகிறது. நோக்கியா 2005-இல் 770 என்ற லினக்ஸ் கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தபோது, வெளியார் அதற்கு நிரல் எழுத ஸ்கிராட்ச்பாக்ஸ் என்ற சூழலைப் பயன்படுத்தினார்கள். அதற்குள் நுழைந்தால், ஆர்ம் கணினியில் இருப்பதாகவே கன்ஃபிகர் நம்பும். சோதனை நிரல்களைப் பின்னணியில் க்யூஇஎம்யூ என்ற போலிச் செயலி ஓட்டிக் காட்டும். இன்று ஸ்கிராட்ச்பாக்ஸ் தேவையில்லை. க்யூஇஎம்யூவை டெபியனில் நிறுவி, ஆர்ம் டெபியன் ஒன்றைத் தனிக் கோப்புறையில் இறக்கி, அதற்குள் நுழைந்து வேலை செய்யலாம். வேகம் குறையும், தலைவலியும் குறையும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

“ஆர்ம் என்றால் எல்லாம் ஒன்றே”

இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. சிம்ப்யூட்டரின் ஸ்ட்ராங்ஆர்ம் செயலியில் தசமப் புள்ளிக் கணக்குக்கென்று தனிச் சுற்று கிடையாது. அத்தகைய கட்டளை வந்தால் ஒவ்வொரு முறையும் லினக்ஸ் கெர்னல் இடைமறித்து, தானே கணக்குப் போட்டுத் தர வேண்டும். நிரல் தவழும். கம்பைல் செய்யும்போதே ‘சாஃப்ட் ஃப்ளோட்’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு நிரலுக்குள்ளேயே முடிந்துவிடும்.

அடுத்த தலைமுறையில் வேறொரு சிக்கல். டெபியனின் ‘ஆர்ம்ஹெச்எஃப்’ வகை ஏழாம் தலைமுறை ஆர்மை எதிர்பார்க்கிறது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியின் முதல் வகையில் இருந்ததோ ஆறாம் தலைமுறை. தன்னார்வலர்கள் சிலர் டெபியனின் பல்லாயிரம் தொகுப்புகளையும் அந்தச் செயலிக்காக மறுபடி கம்பைல் செய்து, 2012-இல் ராஸ்பியன் என்ற லினக்ஸை வெளியிட்டார்கள். கம்பைலர் சூழலுக்காக மனிதர்கள் பட்ட பாட்டில் இதை மிகப் பெரிதாக மதிக்கிறேன். 2015-இல் வந்த ராஸ்பெரி பை ஜீரோவும் ஆறாம் தலைமுறைதான். டெபியனின் வழக்கமான கிராஸ் கம்பைலரில் செய்த நிரலை அதில் போட்டால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று சொல்லிச் சட்டென்று நின்றுவிடும். நிரலில் பிழை தேடி இரவெல்லாம் கண்விழிப்பது வீண். செயலியின் தலைமுறையை முதலில் பாருங்கள்.

“கம்பைல் ஆகிவிட்டது, இனி ஓடிவிடும்”

ஓடாமல் போக இன்னொரு காரணம் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். பழைய ஜிலிப்சியில் செய்த நிரல் புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடுமென்ற உறுதி இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பிலிருந்து இது இன்னும் கறாராகிவிட்டது. ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடும் நிரலைக்கூடப் புதிய பதிப்பில் செய்தால், பழைய கருவி ஏற்காது. டெபியன் 11-இல் இருப்பது 2.31, டெபியன் 12-இல் 2.36. எனவே கருவியில் எந்தப் பதிப்போ, கம்பைல் செய்யும் இடத்திலும் அதே பதிப்பு இருக்கட்டும். சிறிய நிரலென்றால், ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் என்ற நூலகத்தை உள்ளேயே சேர்த்துக் கட்டிவிடுவதும் ஒரு வழி.

“நல்ல லேப்டாப் இல்லாமல் முடியாது”

மங்களூரில் லேப்டாப் இல்லாத வீட்டிலும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதில் இருப்பதும் ஆர்ம் செயலிதான், சிம்ப்யூட்டரைவிடப் பல மடங்கு வேகமானது. எஃப்-டிராய்டு தளத்திலிருந்து டெர்மக்ஸ் ஆப்பை நிறுவி, அதில் ‘ப்ரூட்-டிஸ்ட்ரோ’ மூலம் டெபியனை இறக்கி, அதற்குள் ‘பில்டு-எசென்ஷியல்’ தொகுப்பைப் போட்டால், ரூட் செய்யாமலே போனுக்குள் முழு கம்பைலர் சூழல் தயார். சில நூறு எம்பி டேட்டா செலவாகும். அதை ஒரே முறை செய்தால் போதும், பிறகு இணையமே தேவையில்லை. போன் 64 பிட் என்றால், அங்கே கம்பைல் செய்த நிரலை 64 பிட் ராஸ்பெரி பையில் அப்படியே ஓட்டலாம், ஜிலிப்சி பதிப்பு ஒத்துப்போனால். இங்கே கிராஸ் கம்பைலரே வேண்டாம். இரண்டும் ஒரே இனச் செயலி. ஒரு ப்ளூடூத் கீபோர்டு கிடைத்தால் வசதி. இல்லாவிட்டாலும் நூறு வரி நிரலைத் திரையிலேயே தட்டலாம்.

சொல்லித்தர ஆளில்லை என்பதும் முழு உண்மையில்லை. கணியம் என்ற தளம் தமிழில் லினக்ஸ் நூல்களை இலவசமாக வெளியிட்டு வருகிறது. ரயிலேறினால் எட்டிவிடுகிற விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கிராமத்து மாணவர்களுக்கு அவர்கள் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறார்கள். அங்கே போகும்போது கருவியின் செயலி எந்தத் தலைமுறை, அதிலுள்ள ஜிலிப்சி எந்தப் பதிப்பு என்ற இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். பாதிக் கேள்விகளுக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.