சரக்கின் பெயரும் சரக்கின் ஊரும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் டீச்சரம்மா ஒருவர் அரை கிலோ மைசூர்ப் பருப்பு கேட்டார். பையன் நிறுத்துக் கொண்டிருக்கையில், "ஏன் தம்பி, இது மைசூர்லேருந்தா வருது?" என்றார். "ஆமா டீச்சர், மைசூர்ச் சரக்குதான்" என்று பையனும் தயங்காமல் சொல்லிவிட்டான். டீச்சரம்மா குனிந்து சாக்கைப் பார்த்தார். கனடா நாட்டில் விளைந்தது என்று அதில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. "மைசூர் எப்போ அண்ணாச்சி கனடாவுக்குப் போச்சு?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். பையனைக் கோபித்துப் பயனில்லை. முப்பது வருடமாக அந்தப் பருப்பை விற்கும் நாங்களே அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

நம் உறுப்பினர்களில் பலருக்கும் இந்த நிலை இருக்கும் என்பதால், ஊர்ப் பெயரைச் சுமந்து நிற்கும் சில மளிகைச் சரக்குகளைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம்.

மைசூர்ப் பருப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இதற்கு மசூரம் என்று பெயர். இந்திக்காரர்கள் மசூர் என்பார்கள். அந்த மசூர்தான் நம் வாயில் மைசூராகிவிட்டது. மைசூர் வட்டாரத்தில் இது குறிப்பிடும்படி விளைவதில்லை. குளிர் வேண்டும் பயிர் இது. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலத்தில் பயிராகிறது. அங்கு விளைவது நம் நாட்டுத் தேவைக்குப் போதாத வருடங்களில் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. கனடாவிலும் சஸ்காட்சுவான் என்ற ஒரே மாநிலத்தில்தான் பெரும்பகுதி விளைகிறது. இலங்கைத் தமிழரும் இதை மைசூர்ப் பருப்பு என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கும் இது முழுக்க இறக்குமதிச் சரக்குதான். (பூதக்கண்ணாடிக்கு லென்ஸ் என்ற பெயர் வந்ததே இந்தப் பருப்பின் லத்தீன் பெயரிலிருந்துதான். பருப்பின் வடிவில் கண்ணாடி இருந்ததால் அந்தப் பெயர்.)

இதைத் தெரிந்து வைத்திருப்பது டீச்சரம்மாவுக்குப் பதில் சொல்வதற்கு மட்டுமல்ல. சரக்கின் விலை அதன் பெயரில் உள்ள ஊரைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. விளைந்த ஊரைப் பார்த்துத்தான் ஏறி இறங்குகிறது. மைசூரில் மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன, இந்தப் பருப்புக்கு ஒன்றுமில்லை. 2017 டிசம்பரில் மத்திய அரசு இதன் மேல் 30 சதவீத இறக்குமதித் தீர்வை போட்டது. பிறகு தீர்வை குறைந்தது, நீங்கியது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே மனக்கசப்பு முற்றியபோது, சரக்கு வருமா வராதா என்று பருப்பு வியாபாரிகள் கவலையில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, இதற்கும் நம் கடைக்கும் சம்பந்தமில்லை என்று பக்கத்தைப் புரட்டிய சில்லறை வியாபாரிகள் எத்தனை பேர்! நாங்களும் அவர்களில் ஒருவர்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. இது கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம். கால்நடைத் தீவனமாகப் பயிரிடும் ஒரு வகைக் காட்டுப்பயறு ஆஸ்திரேலியாவில் உண்டு. தோல் நீக்கி உடைத்தால் பார்வைக்கு அசல் மைசூர்ப் பருப்பு மாதிரியே இருக்கும். அதில் மனிதருக்கு ஆகாத நச்சுப் பொருள் இருக்கிறது. அந்தச் சரக்கு பருப்பு என்ற பெயரில் மலிவாக ஏற்றுமதியாகிறது என்று 1992-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளே 'நேச்சர்' பத்திரிகையில் எழுதி எச்சரித்தார்கள். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். ஆகவே மண்டி விலையை விட மிக மலிவாக யாராவது பருப்புக் கொண்டுவந்து நீட்டினால், எந்த நாட்டுச் சரக்கு, எந்த ஆலையில் உடைத்தது என்று கேட்டு, பில்லோடு வாங்க வேண்டும்.

பில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-ன் 26-ஆம் பிரிவின்படி, மொத்த வியாபாரி நமக்குக் கொடுக்கும் பில்லே அந்தச் சரக்குக்கு அவர் கொடுக்கும் உத்தரவாதமாகக் கருதப்படும். தனியாக உத்தரவாதப் படிவம் இல்லாவிட்டாலும் பில் போதும். துண்டுச் சீட்டில் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில், தவறான விவரம் அச்சிட்ட உணவுப் பொருளை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அப்படியானால் மைசூர்ப் பருப்பு என்று சொல்வதே தவறா என்று சிலர் கேட்கக்கூடும். வழக்கத்தில் ஊறிய பெயர் அது. யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. பொட்டலம் போடுகிறவர்கள் பக்கத்தில் மசூர் பருப்பு என்றும் சேர்த்து அச்சிட்டால் போதும் என்பது எங்கள் கருத்து. ஆனால் 'மைசூர் வயல்களில் விளைந்தது' என்று அழகுக்காக ஒரு வரி சேர்த்தால், அது பெயர் அல்ல, பொய். அப்படி அச்சடித்த பொட்டலம் ஒன்று எங்கள் கைக்கே வந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

இந்துப்பின் கதை வேறு. இதன் பெயர் பொய் சொல்லவில்லை; நாம் புதிதாகச் சேர்த்த அடைமொழிதான் பொய் சொல்கிறது. சிந்து தேசத்து உப்பு என்பதால் வடமொழியில் சைந்தவம், தமிழில் இந்துப்பு. சித்த மருத்துவக் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெயரில்தான் விற்று வந்தார்கள். இப்போது சில வருடங்களாக அதையே 'இமயமலை உப்பு' என்று இளஞ்சிவப்புப் படத்தோடு விற்கிறார்கள். அந்த உப்புப் பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில், ஜீலம் மாவட்டத்தில் உள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வந்தது. அந்த மலைக்கு உப்பு மலைத்தொடர் என்றே பெயர். பனி மூடிய இமயம் அங்கிருந்து வடக்கே வெகுதூரம். இமயமலையில் வெட்டும் பாறை உப்புதான் வேண்டும் என்றால், நம் இமாச்சலப் பிரதேசத்தில் மண்டி மாவட்டச் சுரங்கத்தில் உண்டு. ஆனால் அது சாம்பல் கலந்த நிறம். அளவும் கொஞ்சம்தான்.

2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் சரக்குகள் அனைத்தின் மேலும் 200 சதவீதத் தீர்வை விதிக்கப்பட்டது. 2025 மே 2-ஆம் தேதி, பஹல்காம் தாக்குதலையடுத்து, அந்நாட்டுச் சரக்கு நேராகவோ வேறு நாடு சுற்றியோ வருவதே தடை செய்யப்பட்டது. இமயமலை நம் நாட்டில்தானே இருக்கிறது, சரக்குக்கு என்ன தட்டுப்பாடு என்று எண்ணியிருந்தவர்கள் அப்போது விழித்தார்கள். நமக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர், வருடம் முழுக்க ஒரே விலைக்குக் கொடுப்பதாக ஓர் இயற்கை உணவகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நட்டத்தோடுதான் அந்த வாக்கைக் காப்பாற்றினார். தடைக்குப் பிறகு இந்துப்பு என்று கொண்டுவருகிறவரிடம் எந்தச் சுரங்கம், எந்த நாடு என்று கட்டாயம் கேட்க வேண்டும். கல் உப்பில் சாயம் ஏற்றி விற்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் வராது.

ஜவ்வரிசியில் எல்லாமே தலைகீழ். அரிசி என்று பெயர், ஆனால் அரிசி அல்ல. ஆங்கிலத்தில் சேகோ என்கிறார்கள், அது மலாய் மொழியின் சாகு. அந்த ஊர்களில் ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு அது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசைக் கப்பல்கள் நின்றபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டி வறுத்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தான் என்பது வேறு விஷயம். 1981-ல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, ஏலத்தில் விற்பனை நடக்கிறது. வடநாட்டில் விரத நாட்களில் சாபுதானா என்று சமைப்பதில் பெரும்பகுதி நம் சேலத்துச் சரக்கு.

இங்கே வியாபாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'சேலம் ஜவ்வரிசி'க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆந்திராவில் கோதாவரிப் பகுதியிலும் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. அந்தச் சரக்கை அந்தப் பெயரிலேயே தாராளமாக விற்கலாம், சேலம் என்று போட்டு விற்கக் கூடாது. மைசூர்ப் பருப்பில் மைசூர் என்பது வாய்வழக்கு. சேலம் ஜவ்வரிசியில் சேலம் என்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான உரிமை. ஒன்றைப் போல மற்றொன்றையும் எண்ணி லேபிள் அடித்தால் சிக்கல் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகியவையும் இப்படிப் பதிவானவையே.

கடலை மிட்டாய் என்றதும் கடலை நினைவுக்கு வருகிறது. விழுப்புரம், பண்ருட்டிப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மணிலாக் கொட்டை என்று பெயர். பேச்சில் மல்லாட்டை. பிறந்த இடம் தென் அமெரிக்கா. ஸ்பானியர் கப்பலில் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் போனது. பயிரின் சொந்த ஊர் மறந்து இடையில் தங்கிய துறைமுகம் பெயரில் நின்றுவிட்டது. பெங்களூர்க் கத்தரிக்காயும் அப்படியே. சௌசௌ என்கிறோமே, அதுதான். கத்தரியும் அல்ல, பெங்களூரும் அல்ல, மெக்சிகோ பக்கத்துக் காய்.

சீனப் பொருளே வாங்க மாட்டேன் என்று சபதம் செய்த வாடிக்கையாளர் ஒருவர், வாரம் தவறாமல் எங்களிடம் சீனி வாங்குகிறார். நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் முறையைக் கற்றுவர, கி.பி. 647-ல் சீனப் பேரரசரே மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினார் என்பது சரித்திரம்.

எங்கள் கடை விலைப்பலகையில் இப்போது மைசூர்ப் பருப்புக்கு நேரே மசூர் என்றும், அன்றைய சாக்கு எந்த நாட்டுச் சரக்கோ அந்த நாட்டின் பெயரும் சாக்கட்டியால் எழுதுகிறோம். பையன்தான் எழுதுகிறான். டீச்சரம்மா போன வாரம் பலகையைப் படித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, பெருங்காயம் எந்த ஊரு?" என்று கேட்டார். ஆப்கானிஸ்தான் என்றான் பையன். டப்பாவில் பாதிக்கு மேல் மாவு இருக்கிறதே, அது எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பதில் நீளமானது. அடுத்த இதழில் எழுதுகிறோம்.